வருவார், வீட்டிலேயே இருங்கள்

அழைப்பு மணியை அழுத்த விரலை நீட்டினான் வால். விரல் பொத்தானைத் தொடுவதற்குள் கதவு படாரென்று திறந்தது. பழுப்பு டேப் சுற்றிய பார்சல் ஒன்று அவன் நெஞ்சில் வந்து முட்டியது.

“ஒரு வழியா வந்தீங்களே. எடுத்துட்டுப் போங்க தம்பி. கையெழுத்து எங்க போடணும்?”

“கையெழுத்து போட்டே ஆகணும்னா போட்டுக் குடுங்கம்மா, வீட்ல மாட்டி வெச்சுக்கறேன். ஆனா நான் பார்சல் எடுக்க வந்த ஆள் இல்ல. காலைல துப்பறியும் ஆபீசுக்கு போன் பண்ணீங்களே, அங்கேருந்து வர்றோம்.”

அந்த அம்மாளின் முகத்தில் ஏறியிருந்த வெளிச்சம் அப்படியே இறங்கியது. பார்சலைத் திரும்ப வாங்கி, கதவோரம் இருந்த முக்காலியில் வைத்து, அதன் விளிம்பு முக்காலியின் விளிம்போடு ஒட்டி நிற்கும்படி சரிசெய்தார். அதற்குள் மேஜரும் படியேறி வந்துவிட்டார்.

மேஜர் எந்தப் பட்டாளத்திலும் இருந்தவர் அல்ல. குட்டையாக வெட்டிய நரைமுடியும், முதுகு வளையாத நடையும், எதிராளி பொய் சொல்லும்போது ஒரு புருவத்தை மட்டும் தூக்கும் பழக்கமும் சேர்ந்து அந்த அம்மையாருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்திருந்தன. அவருடைய உதவியாளனுக்கு வால் என்று பெயர் வந்ததற்குக் காரணம் இரண்டு. ஆட்களின் பின்னாலேயே போவது அவன் உத்தியோகம். இன்னொன்று அவனுடைய வாய்.

வீட்டுக்குள் புழுக்கம் அடைத்துக்கொண்டு நின்றது. மின்விசிறி ஓடவில்லை. கூடத்து நாற்காலி தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதன் பக்கத்தில் தண்ணீர் பாட்டில், பாதி கடித்த ரொட்டி, சார்ஜரில் கிடந்த கைப்பேசி.

“ஃபேன் ரிப்பேரா?” என்றான் வால், சட்டைக் காலரைத் தூக்கி ஊதிக்கொண்டே.

“நல்லாத்தான் ஓடும். ஆனா கடகடன்னு சத்தம் வரும். அந்தச் சத்தத்துல மணி அடிக்கறது காதுல விழலைன்னா?” அவர் குரலைத் தாழ்த்தினார். “குக்கர் வெக்கறதையும் நிறுத்திட்டேன், விசிலுக்குப் பயந்து. சொல்லவே கூச்சமா இருக்கு. குளிக்கும்போது கூடக் கதவைத் திறந்துதான் வெச்சுக்கறேன்.”

வால் ஒரு நக்கலைத் தயாராக வைத்திருந்தான். அதை அப்படியே விழுங்கிவிட்டான்.

“உக்காருங்க,” என்றார் மேஜர். “மொதல்லேருந்து சொல்லுங்க.”

அந்த அம்மாள் ஒரு நூலகர். அதாவது, போன வருஷம் வரை. அவருடைய அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் நாக்கும் முடங்கிப் போயின. அக்காவுக்குக் கணவன் பிள்ளை என்று யாரும் கிடையாது. இவருக்கும் அப்படியே. முதலில் லீவு போட்டார், பிறகு வேலையையே விட்டார். அக்காவை ஒரு சிகிச்சை இல்லத்தில் சேர்த்துவிட்டு, காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். சாப்பாடு ஊட்டுவது, தலை வாருவது, டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கு அக்காவுக்காகப் பதில் சொல்வது, எல்லாம் இவர்தான்.

“படுத்தே இருக்கறவங்களுக்குன்னு ஒரு கவுன் விக்கறாங்க மேடம். முதுகுப் பக்கம் முடிச்சுப் போடற மாதிரி. அதை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணேன். வந்தது என்ன தெரியுமா? ஓடறவங்க போடுவாங்களே, பேண்ட்டும் மேல்சட்டையும், நீல கலர்ல, ஓரத்துல வெள்ளைக் கோடு. எழுந்து உக்காரவே முடியாதவளுக்கு ஓடற டிரெஸ்.”

“புகார் பண்ணீங்களா?”

“பண்ணாம இருப்பேனா? போட்டோ எடுத்து அனுப்புங்கன்னாங்க. அனுப்பினேன். போட்டோவில இருக்கற துணி எங்க கடைத் துணிதான், அதுல கிழிசல் எதுவும் இல்ல, அதனால உங்க புகார் தீர்க்கப்பட்டதுன்னு பதில் வந்துச்சு. மறுபடி போன் பண்ணா மறுபடி மொதல்லேருந்து கதை சொல்லணும். ஒரு பொண்ணு என்கிட்ட, ‘நீங்க ஓடிப் பாத்தீங்களா மேடம், கம்ஃபர்ட்டா இருக்கும்’னா.”

இதற்கிடையே வால் அந்தத் துணிக்கடையின் எண்ணைத் தேடித் தன் கைப்பேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்திருந்தான். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்’ என்றது ஒரு குரல். அப்புறம் வயலின் வாசித்தது. அப்புறம் மறுபடியும், மிகவும் முக்கியம்.

“அவ்வளவு முக்கியம்னா எடுக்க வேண்டியதுதானே,” என்றான் வால்.

“அப்புறம் ஒரு நாள், எதிர்பாக்கவே இல்ல, புது நம்பர்லேருந்து மெசேஜ் வந்துச்சு,” என்று நூலகர் தொடர்ந்தார். “கடையோட சின்னம் போட்டு. பார்சலைத் திரும்ப எடுத்துக்க ஆள் வருவார், வீட்லயே இருங்கன்னு. நானும் இருந்தேன். வரல. நாளைக்கு வருவார்னாங்க. அடுத்த நாளும் இருந்தேன். இப்படியே இருந்து இருந்து, அக்கா மொகத்தைப் பாத்தே எத்தனையோ நாளாச்சு. நேத்து பொறுக்க முடியாம கடைக்குப் போன் பண்ணி அரை நாள் காத்திருந்தேன். ‘அப்படி யாரையும் நாங்க அனுப்பறதா சொல்லவே இல்லையே, அது எங்க நம்பரே இல்லையே’ன்னாங்க. அதுக்கப்புறம்தான் புரிஞ்சுது. யாரோ ஒருத்தர் என்னை இந்த நாற்காலியில உக்கார வெச்சிருக்காங்க மேடம். எதுக்குன்னு தெரியல.”

மேஜர் கை நீட்டினார். நூலகர் தன் கைப்பேசியைக் கொடுத்தார்.

அந்த உரையாடலை மேஜர் மேலிருந்து கீழே படித்தார், பிறகு கீழிருந்து மேலே. நூலகர் எழுதியவை எல்லாம் பத்தி பத்தியாக இருந்தன. மறுபக்கத்திலிருந்து முதன்முதலில் வந்தவை ஒற்றைச் சொற்கள். ‘வருவார்.’ ‘இருங்கள்.’ அடுத்தடுத்து, ‘இன்று இல்லை. நாளை.’ கொஞ்சம் தள்ளி, ‘வண்டி பழுது. மன்னிக்கவும். நாளை நிச்சயம் வருவார், வீட்டிலேயே இருங்கள்.’ கடைசியாக வந்தது இது: ‘முழங்கால் வலியோடு படி இறங்கி வந்து பார்க்க வேண்டாம். எங்கள் ஆளே மேலே வந்து வாங்கிக்கொள்வார். அதுவரை சும்மா கவலைப்படாமல் ஏதாவது புத்தகம் படியுங்கள்.’

“புத்தகம் படிக்கச் சொல்ற கஸ்டமர் கேர்,” என்றான் வால் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. “மேஜர், விஷயம் பார்சல்லதான் இருக்கு. உள்ள ஏதோ கடத்தல் சரக்கு. தப்பான வீட்டுக்கு வந்துடுச்சு. ஆளை அனுப்பற வரைக்கும் இவங்களைக் காவல் வெச்சிருக்காங்க.”

“பிரிச்சுப் பாரு.”

வால் ஆசையோடு பிரித்தான். நீல உடுப்பின் தையல் தையலாக விரலால் நசுக்கினான். பாக்கெட்டுகளை உள்ளும் புறமுமாகத் திருப்பினான். கடைசியில் ஒரு சின்னப் பொட்டலம் அகப்பட்டது.

“என்னது?”

“ஈரம் உறிஞ்சற மருந்து. சாப்பிடாதேன்னு எழுதியிருக்கு.”

அப்போது மேசையில் வயலின் நின்றது. “வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?” என்றது ஒரு பெண் குரல். வால் பாய்ந்து எடுத்து ஆர்டர் எண்ணைச் சொன்னான், கதையைச் சொன்னான். லைனில் இருக்கச் சொன்னார்கள். வயலின். ஓர் ஆண் குரல் வந்து, வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம் என்றது.

“இப்பதானேங்க அந்தம்மாகிட்ட சொன்னேன்.”

“ஆர்டர் நம்பர் சொல்லுங்க சார்.”

சொன்னான். கதையையும் சொன்னான். மூன்றாவதாக ஒருவர் வந்து ஆர்டர் எண் கேட்டார். வால் அதற்குள் அதை மனப்பாடமாக, ராகம் போட்டுச் சொல்லத் தொடங்கியிருந்தான்.

“உங்க புகார் தீர்க்கப்பட்டதுன்னு காட்டுது சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

“வேறயா? மொத உதவியே இன்னும் வரலையே.”

இணைப்பு அறுந்தது. அது அறுந்த சூட்டோடு சூடாக அவன் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்து விழுந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

மேஜரின் இடது புருவம் மெல்ல மேலே போனது.

“அம்மா, இந்த ஆள் உங்ககிட்ட எப்பவாவது நட்சத்திரம் கேட்டாரா?”

நூலகர் யோசித்தார். “இல்லையே.”

“கடைக்காரங்க உயிரே போனாலும் நட்சத்திரம் கேக்காம விட மாட்டாங்க. இவர் ஒரு தடவை கூடக் கேக்கல. நீங்க எழுதினா உடனே பதில் போடறார். ஆர்டர் நம்பர் கேக்கறதே இல்ல. போன வாரம் சொன்னதை இந்த வாரம் ஞாபகம் வெச்சிருக்கார். ஞாபகம் வெச்சுக்கற கஸ்டமர் கேரை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. உங்களுக்கு முழங்கால் வலின்னு நீங்க எழுதினீங்களா?”

நூலகர் கைப்பேசியை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. “எழுதல.”

“இந்தப் புகாரைப் பத்தி யார்கிட்டல்லாம் சொன்னீங்க?”

“யார்கிட்டயும் இல்ல மேடம். நான் யாரோட பேசறேன்?”

“பார்சலை மொதல்ல எங்க வெச்சுப் பிரிச்சீங்க?”

“அக்கா ரூம்லதான். அவளுக்குப் போட்டுப் பாக்கலாம்னு பிரிக்காமயே எடுத்துட்டுப் போனேன்.”

“அப்ப ரூம்ல யார் இருந்தாங்க?”

“யாருமில்ல.”

மேஜர் கைப்பேசியைத் திரும்ப வாங்கி, அந்தக் கடைச் சின்னத்தின் மேல் இரண்டு விரலை வைத்து அகட்டிப் பெரிதாக்கினார். சின்னத்தின் குறுக்கே ஒரு சுருக்கம் ஓடியது. அசல் படம் இல்லை. பார்சல் உறையைக் கசங்கலோடு படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். உறையின் ஓரத்தில் மடித்த போர்வை ஒன்றின் நுனி தெரிந்தது.

“வால், உன் கடத்தல் சரக்கை மடிச்சு வை. பார்சல் யாருக்கும் வேணாம். இவங்க இங்கேயே இருக்கணும், அதுதான் அவங்களுக்கு வேணும்.” மேஜர் நூலகரைப் பார்த்தார். “இந்த நாற்காலியில இல்லைன்னா நீங்க இப்ப எங்க இருப்பீங்க?”

நூலகர் வாசலைப் பார்த்தார். “அக்காகிட்ட.”

அடுத்த கணம் அவர் செருப்பைத் தேடினார். “அய்யோ, அவளை என்னமோ பண்றாங்க. வாய் பேச முடியாதவ. அடிச்சாக் கூடச் சொல்ல மாட்டா.” ஒரு காலில் செருப்பு ஏறியது. வாசற்படிவரை போனார். அங்கே நின்றார். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. கை தானாகக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

“வாங்கம்மா, வண்டி கீழதான் நிக்குது,” என்றான் வால்.

“பொய்னு தெரியுது தம்பி. கடையே சொல்லிட்டாங்க.” அவர் முக்காலியையும் படிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆனா நான் அந்தப் பக்கம் போனதும் ஆள் வந்துட்டா?”

மேஜர் அவர் அருகில் போய் நிலையைப் பிடித்திருந்த கையை மெதுவாக விடுவித்தார்.

“நீங்க இருங்க. உங்க அக்காவுக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேன். வால் உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பான். வந்ததும், ஆள் வருவார்னு மெசேஜ் வந்த நம்பருக்கு ஏதாவது எழுதி அனுப்புங்க. எதுவா இருந்தாலும் சரி.”

*

சிகிச்சை இல்லம் வரை வண்டியை வால்தான் ஓட்டினான். ஓட்டிய வேகத்தில் மேஜர் இரண்டு முறை கண்ணை மூடிக்கொண்டார்.

“அங்க வேலை பாக்கற யாரோதான்,” என்றான் அவன். “அந்தக்காவை ஏதோ கொடுமைப்படுத்தறாங்க. தங்கச்சி வந்தா மாட்டிப்பாங்க. அதான் வீட்ல பூட்டிட்டாங்க. சரியா?”

“பாதி சரி.”

“எந்தப் பாதி?”

“தங்கச்சி வந்தா மாட்டிக்கிற ஆள் ஒருத்தர் இருக்கார். மீதியை நீ கற்பனை பண்ணிட்டே.” மேஜர் ஜன்னல் பக்கம் திரும்பினார். “அந்த மெசேஜெல்லாம் படிச்சியே, ஒண்ணு கவனிச்சியா? எல்லாக் கடையிலயும் நாளாக நாளாகப் பதில் மோசமாகும். இங்க ஒத்தை வார்த்தையில ஆரம்பிச்சு, நாளாக நாளாக நல்லாத் தேறிட்டு வருது.”

“சரி?”

“அந்தம்மா ‘யார்கிட்டயும் இல்ல’ன்னாங்க, ‘யாருமில்ல’ன்னாங்க. அந்த யாருமில்லாத ஆளைத்தான் பாக்கப் போறோம். வேகத்தைக் குறை.”

இல்லத்தின் பயிற்சிக் கூடம் நீளமாக, வெளிச்சமாக இருந்தது. சுவரோரம் ஆளுயரக் கண்ணாடி. நடுவில் பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு கம்பிகள், தண்டவாளம் போல. இடுப்பில் பட்டையோடு உயரமான ஓர் அம்மாள் அவற்றுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். வலது காலை இடுப்பிலிருந்து வீசி வைக்கும் நடை. பக்கத்தில் பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மேஜர் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். “இங்க ஒரு நூலகர் அம்மா தினமும் வருவாங்களே.”

“ஆமா.” பிசியோ சற்றுத் தயங்கினாள். “கொஞ்ச நாளா வர்றதில்ல. ரொம்ப நல்லவங்க. அக்கா மேல உயிரையே வெச்சிருக்காங்க. ஆனா… தப்பா எடுத்துக்காதீங்க, அவங்க வராதது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு.”

வால் மேஜரின் விலாவில் முழங்கையால் இடித்தான். கண்ணாலேயே பிசியோவைக் காட்டினான். பிறகு பாக்கெட்டுக்குள் கைவிட்டு நூலகரின் எண்ணை அழுத்தி, ஒரே மணியில் துண்டித்தான். பிசியோவின் கையையும் அவள் கோட்டுப் பையையும் பார்த்தபடி நின்றான்.

கூடத்தில் டிங் என்று ஒரு சத்தம்.

பிசியோ அசையவில்லை. சத்தம் கம்பியின் மறுகோடியிலிருந்து வந்தது. அங்கே ஒரு துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. உயரமான அம்மாள் கடைசி இரண்டு அடியை எடுத்து வைத்து, கம்பியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, இடது கையால் பையிலிருந்து ஒரு கைப்பேசியை எடுத்தார். படித்தார். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. இடது கட்டைவிரல் பழகிய லாகவத்தோடு பதில் எழுதத் தொடங்கியது.

வாலின் வாய் திறந்தபடி நின்றது. மேஜர் கம்பிக்கு அருகே போனார்.

“கஸ்டமர் கேர்தானே? ஒரு புகார் குடுக்கணும்.”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். மேஜரை அளந்தார், வாலை அளந்தார். பிறகு தோள் குலுங்க, சத்தமே வராமல் சிரித்தார்.

பிசியோவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. “அது இல்லத்து போன் மேடம். இடது கை பழகட்டும்னு நான்தான் குடுத்தேன். தினமும் யாருக்காவது எழுதுங்கன்னேன். தங்கச்சிக்குத்தான் எழுதறேன்னு காட்டினாங்க.”

“தங்கச்சிக்குத்தான் எழுதினாங்க,” என்றார் மேஜர்.

ஒரு நாற்காலி கொண்டுவந்தார்கள். அக்கா உட்கார்ந்து எழுத, வால் தோளுக்குப் பின்னால் நின்று வாய்விட்டுப் படித்தான். படிக்கப் படிக்க அவன் குரலில் இருந்த கிண்டல் கரைந்துகொண்டே போனது.

“‘நான் டிரைவிங் ஸ்கூல் நடத்தினவ. பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டு நாமே ஸ்டீயரிங்கைப் பிடிச்சா, கத்துக்க வந்தவ ஆயுசுக்கும் ஓட்ட மாட்டா. என் தங்கச்சி ஸ்டீயரிங்கையும் பிடிச்சா, பிரேக்கையும் மிதிச்சா, ரோட்ல போறவங்களுக்கு எனக்குப் பதிலா கையும் ஆட்டினா.’”

“‘நான் கையை எப்படிக் காட்டினாலும் தண்ணியான்னு கேப்பா. ஜன்னலைத் திறன்னு காட்டினாலும் தண்ணி. எழுப்பி உக்கார வைன்னு காட்டினாலும் தண்ணி. நான் ஒரு எழுத்து சொல்ல ஆரம்பிச்சா வார்த்தையை அவளே முடிச்சுடுவா. அப்புறம் எனக்கு எதுக்கு நாக்கு.’”

“நேராவே எழுதியிருக்கலாமே, வராதேன்னு?” என்றான் வால்.

கட்டைவிரல் நின்றது. பிறகு மெதுவாக ஓடியது.

“‘எனக்காக வேலையை விட்டவகிட்ட வராதேன்னு எப்படி எழுத. அழுவா. அழுதுக்கிட்டே வருவா.’” வால் அடுத்த வரிக்குப் போனான். “‘அந்த நீல டிரெஸ்ஸைப் பாத்ததும் எனக்கு ஆசை வந்துச்சு. கை நீட்டினேன். தண்ணி குடுத்துட்டு, இந்தக் கண்றாவியை மொதல்ல திருப்பி அனுப்பணும்னா. அப்பதான் தோணுச்சு. திருப்பிக் குடுக்க வேண்டிய பொருள் வீட்ல இருந்தா அவ நகர மாட்டா. ஆயுசு பூராவும் நூலகத்துல இருந்தவ.’”

அக்கா வெற்றிப் பெருமிதத்தோடு மேஜரை நிமிர்ந்து பார்த்தார். மேஜர் சிரிக்கவில்லை.

“கெட்டிக்காரத்தனம்தான். ஆனா உங்க தங்கச்சி இப்ப எப்படி இருக்காங்கன்னு தெரியுமா? மணி காதுல விழணுமேன்னு ஃபேன் போடறதில்ல. குக்கர் வெக்கறதில்ல, ரொட்டியைத் தின்னுட்டு இருக்காங்க. குளிக்கும்போது கதவு சாத்தறதில்ல. இன்னிக்கு வாசற்படி தாண்ட முயற்சி பண்ணாங்க, கால் வரல. நீங்க வெளிய வர்றதுக்காக அவங்களை உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்கம்மா.”

ஒரு பக்கச் சிரிப்பு நின்றுபோனது. அக்கா மடியில் கிடந்த கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் தங்கையிடமிருந்து வந்த செய்தி திறந்தபடியே இருந்தது: ‘இன்றாவது வருவாரா ஐயா? என் அக்காவைப் பார்க்கப் போக வேண்டும்.’ அதற்குப் பதிலாக அவர் ஏற்கெனவே பாதி எழுதி வைத்திருந்தது: ‘இன்று கண்டிப்பாக’.

அதை எழுத்தெழுத்தாக அழித்தார். வேறு எழுதினார், அதையும் அழித்தார். கடைசியில் எழுதியதை வாலுக்குக் காட்டாமலேயே அனுப்பிவிட்டார். மேஜர் மட்டும் பார்த்தார்.

‘யாரும் வர மாட்டார்கள். நீ வா.’

*

நூலகர் வாடகை வண்டியில் வந்து இறங்கினார். காலில் இரண்டு வேறு வேறு செருப்பு. கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அக்கா கம்பிகளுக்கு நடுவே, யாரும் பிடிக்காமல், எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

நின்றிருந்த அக்காவைத் தங்கை பார்த்தார். பையில் தொங்கிய கைப்பேசியைப் பார்த்தார். வரும் வழியெல்லாம் அந்த ‘நீ’ அவரை அரித்திருக்க வேண்டும். கேள்வி எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“எத்தனை நாள் நடக்கற?”

பிசியோ பதில் சொல்ல வாயெடுத்தாள். மேஜர் தலையசைத்துத் தடுத்தார்.

“நான் அங்க வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். மாடிப்படியில யார் காலடி கேட்டாலும் எழுந்து ஓடறேன். வீட்ல ஒரு நாற்காலியாட்டம் ஆயிட்டேன்க்கா நான்.” ஓரடி முன்னே வந்தார். “வேலையை விட்டுட்டு வந்தேனே உனக்காக. அதுக்கு இதா?”

அக்கா கம்பியைப் பிடித்திருந்த இடது கையை எடுத்துத் தங்கையை நோக்கி நீட்டினார். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தங்கை பாய்ந்து வந்து தாங்கப் போனார். அக்கா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அந்தத் தலையாட்டலைத் தங்கை தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அக்கா தானே தடுமாறி, தானே கம்பியைப் பிடித்து நிமிர்ந்தார்.

சற்று நேரம் இருவரும் அழுதார்கள். வால் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையை மும்முரமாகப் படித்தான்.

“அப்ப நான் வரவே கூடாதா?” என்று தங்கை புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

அக்கா வேகமாகத் தலையசைத்தார். அப்படி இல்லை.

“பின்ன எப்பதான் வரட்டும்? நீயே சொல்லு.”

பிசியோ கைப்பேசியை எடுத்து நீட்டினாள். அக்கா அதை வாங்கவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்தபடி உதட்டைக் குவித்தார், விரித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நாக்கு மேலண்ணத்தைத் தேடிப் போய் வழுக்கியது.

“நா…”

தங்கையின் முகம் மலர்ந்தது. நாளைக்கு என்ற சொல் அவர் உதடுவரை வந்துவிட்டது. வாலுக்கும் வந்துவிட்டது. “நாளை…” என்று அவன் தொடங்கும்போதே மேஜர் அவன் காலை மிதித்தார்.

தங்கை தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பொத்திக்கொண்டு நின்றார்.

அக்காவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. யாரும் உதவவில்லை.

“நா… யி…”

தங்கையின் கண்ணிலிருந்து அந்த மலர்ச்சி மெல்ல வடிந்தது. அப்போதும் கையை எடுக்கவில்லை.

“…று.”

ஞாயிறு. அக்கா மூச்சு வாங்கினார். அரை முகத்தில் ஒரு பெருமை ஏறியிருந்தது. சொல்லி முடித்த சொல் அங்கேயே நிற்கட்டும் என்பது போலத் தங்கை கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, கையை வாயிலிருந்து எடுத்தார்.

“சரிக்கா,” என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை.